தங்க இலை

இந்தக் கையை மோந்து பார்க்கவே கூடாது. பார்த்தால் அன்றைய சாப்பாடு போச்சு.

அப்படி நினைத்துக்கொண்டே அவள் கையை மோந்து பார்த்தாள். மீன் டப்பா. புளித்த பால். பெயின்ட். எல்லாவற்றுக்கும் மேலே எலுமிச்சை சோப்பு. சோப்பு எப்போதும் மேலேதான் இருந்தது, விருந்தாளி வரும் நேரத்தில் அழுக்குத் துணிக் குவியல் மேல் அவசரமாக இழுத்துப் போடுகிற போர்வை மாதிரி. அடியில் இருப்பது அடியிலேயேதான் இருந்தது.

பாத்திரம் தேய்க்கிற தொட்டியில் இன்றைய சரக்கு ஊறிக்கொண்டிருந்தது. காகிதம் உரிந்து தொங்கும் தகர டப்பாக்கள், வாய் பிளந்த பால் கவர்கள், ஓரத்தில் மஞ்சள் படிந்த தயிர்க் கப்புகள். குப்பை என்று சொன்னால் பாப்பாவின் முகம் சுருங்கிவிடும். அதனால் வீட்டில் எல்லோரும் சரக்கு என்றுதான் சொன்னார்கள். சரக்கைக் கழுவுவது அவள் வேலை. பால் கவரின் மூலைக்குள் விரலை விட்டு வழவழப்புப் போகும்வரை தேய்க்க வேண்டும். மூலையில் எப்போதும் ஏதாவது கட்டியாக உட்கார்ந்திருக்கும். அது நகத்துக்கடியில் ஏறும்.

பாப்பா அவள் நாத்தனார், கணவனின் தங்கை. காதோரம் நரை எட்டிப் பார்க்கத் தொடங்கிவிட்டது, ஆனாலும் இந்த வீட்டில் அவள் பாப்பாதான். கல்யாணம் கசந்து ஒரு பெட்டியோடு திரும்பி வந்தவள், வந்த நாளிலிருந்து சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். சாப்பிடு என்றால் சாப்பிட்டாள், குளி என்றால் குளித்தாள், மறுபடி சுவர். மாதக்கணக்கில் அப்படி. பிறகு ஒருநாள் எழுந்து உட்கார்ந்து, கையில் கிடைத்த ஒரு பால் கவரைக் கத்தரித்துப் பூவாக்கி ஜன்னல் கம்பியில் கட்டினாள். அதைப் பார்த்து மாமியார் அழுதார். கணவனும் அழுதான். அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், பொய் சொல்வானேன். அந்தப் பூவில் லேசாகப் பால் வாடை அடித்தது. அதை அன்று யாரும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டது அங்கேதான் தொடங்கியது.

அதற்கப்புறம் இந்த வீட்டிலிருந்து எதுவும் வெளியே போகவில்லை. கூடத்தில் பாட்டில் விளக்குகள், தூசி ஒட்டிப் பிசுபிசுத்துக்கொண்டு. நாற்காலிக்கு மேலே அரிசியும் பருப்பும் ஒட்டிய ஒரு வட்டச் சட்டம். அதிலிருந்து வெயில் காலத்தில் வண்டுகள் இறங்கி வந்தன. கணவன் சட்டைக் காலரிலிருந்து ஒன்றை எடுத்துச் சுண்டிவிட்டு, பாப்பா கைவேலைக்கு உயிர் வந்துடுச்சு பாரு என்று சிரித்தான். குளியலறையில் பற்பசைக் குழாய்களை வெட்டி ஒட்டிய கூடை. அதன் அடியில் கறுப்பாக ஏதோ வளர்ந்துகொண்டிருந்தது. பால்கனியில் முட்டை அட்டைகள் ஆள் உயரத்துக்கு நின்றன. துணி காயப் போடப் போனால் அட்டைக்குள் சரசரவென்று ஒரு ஓட்டம். அவள் துணியை உதறி உதறித்தான் எடுத்து வருவாள்.

இதில் வேடிக்கை, வீட்டுக் குப்பை பாப்பாவுக்குப் போதவில்லை. அட்டைக்காக முட்டை வாங்கினார்கள். காலை முட்டை, மதியம் முட்டை, இரவும் முட்டை. மாமியார் ஏப்பம் விட்டால் கூடமெல்லாம் தெரியும். ஒரே மாதிரிப் பாட்டில் வேண்டும் என்று ஒரு பெட்டி ஜூஸ் வாங்கினார்கள். குடிக்க முடிந்த அளவு குடித்தார்கள், மிச்சத்தை அவளே தொட்டியில் ஊற்றினாள். கொட்டக் கொட்டச் சிவப்பாக நுரைத்துக்கொண்டு போனது. அன்றைக்கு இணையத்தில் போட எடுத்த கைவேலை வீடியோவில் பாப்பா, “வீட்ல சும்மா கிடக்கிற பாட்டில் போதும் தோழிகளே, கைக்காசு போட வேண்டாம்” என்றாள், குரலில் தேன் சொட்ட. மாமியார் தன் பங்குக்கு மாடி மாடியாக ஏறி அக்கம்பக்கத்தாரிடம் சொல்லிவைத்தார். அவர்களுக்கென்ன, கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த சந்தோஷம். காலையில் கதவைத் திறந்தால் வாசலில் கட்டிவைத்த பைகள். ஒருநாள் ஒரு பையைப் பிரித்தபோது சீப்பில் உருவிய முடிப்பந்தும் யாருடைய காதையோ துடைத்த பஞ்சும் சேர்ந்து அவள் உள்ளங்கையில் விழுந்தன. அடையாளம் தெரியாத ஒருவருடைய காது.

கழுவுவதோடு நின்றிருந்தால்கூடப் போயிருக்கும்.

பாப்பாவுக்கு நகம் கடிக்கிற பழக்கம். நகம் தீர்ந்து சதையைக் கடிக்கிற அளவுக்கு முற்றிப்போன பழக்கம். முதல் வீடியோவில் பாப்பாவின் கைதான் தெரிந்தது. பார்த்தவர்கள் பூவைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை, விரலைப் பற்றித்தான் எழுதினார்கள். பாப்பா போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டாள், சுவரைப் பார்த்து. வீடே நடுங்கிவிட்டது. மாமியார் சமையலறைக்கு வந்து மருமகளின் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், வெண்டைக்காய் பொறுக்குகிற மாதிரி.

“உன் விரல் நல்லா நீளமா இருக்கே. இத்தனை நாள் கவனிக்கவே இல்லையே.”

அன்றிலிருந்து குரல் பாப்பாவுடையது, கை அவளுடையது. மேஜைக்கு மேலே வளைத்துக் கட்டிய கம்பியில் போன் தொங்கும். பாப்பா பக்கத்தில் நின்று பேசிக்கொண்டே போவாள், கை செய்துகொண்டே போகும். அக்கா உங்க கை எவ்வளவு அழகு என்று எழுதுவார்கள். பாப்பா அதைச் சத்தமாகப் படித்து, நன்றி தோழி என்பாள். ஆரம்பத்தில் அதைக் கேட்க அவளுக்கே கொஞ்சம் இனிப்பாகத்தான் இருந்தது. போகப் போக, கை தன்னுடையதில்லை என்று தோன்ற ஆரம்பித்தது. மணிக்கட்டு வரைக்கும்தான் தான், அதற்கப்புறம் பாப்பா.

படம் பிடிக்கும்போது ஒரே ஒரு சட்டம்தான்: கை நிற்கக் கூடாது. பாப்பா மூச்சு விடாமல் பேசுவாள். நடுவில் கை தயங்கினால் அவளுக்குப் பேச்சு அறுந்துவிடும், மறுபடி முதலிலிருந்து, கண்ணில் நீர் முட்டிக்கொண்டு. அதனால் கை நிற்கப் பழகவில்லை. சூடான பசை சொட்டி விரலில் கொப்புளம் வந்தபோதும் நிற்கவில்லை.

போன வாரமும் நிற்கவில்லை.

பழைய கண்ணாடி ஒன்றுக்குச் சட்டம். முட்டை அட்டையை வெட்டிப் பூப்பூவாக்கி ஓரமெங்கும் ஒட்டி, மேலே தங்க நிறம் அடிப்பது. பால்கனியிலிருந்து எடுத்து வந்த அட்டைப் பூக்கள் தட்டில் குவிந்திருந்தன. ஒவ்வொன்றாக எடுத்தாள், பசை வைத்தாள், அழுத்தினாள். அடுத்ததற்குக் கையை நீட்டியபோது பூவின் மடிப்புக்குள் விரல் வேறொன்றைத் தொட்டது. கண்ணுக்கு முன்னால் விரலுக்குத் தெரிந்துவிட்டது. எடையில்லாத, சருகு போன்ற ஒன்று. ஓரத்தில் சின்னச் சின்ன முள்.

கரப்பான்.

பாப்பா சொல்லிக்கொண்டிருந்தாள்: “இப்ப மெதுவா எடுத்து, பூவுக்குப் பக்கத்துல வைங்க. வச்சுட்டு அப்படியே அழுத்திப் பிடிங்க.”

கை எடுத்தது. வைத்தது. அழுத்திப் பிடித்தது. பசை ஆறும்வரை பிடித்திருந்தது. அந்த நேரத்தில் விரல் நுனிக்கடியில் மயிரிழை மாதிரி ஏதோ ஒருமுறை அசைந்தது. பசையின் நூலாகத்தான் இருக்கும் என்று அவள் இன்றுவரை தனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். பிறகு தங்க நிறம் அடித்தாள். ஒரே சீராக எல்லாவற்றின் மேலும். இறக்கையின் நரம்புகள் துல்லியமாக எழுந்து, ஒரு குட்டி இலை உண்டானது.

யாரும் கண்டுபிடிக்கவில்லை. சட்டத்தைக் கூடத்தில் மாட்டினார்கள். வீடியோவைப் பார்த்தவர்களெல்லாம் அந்த இலையைப் பிடித்துக்கொண்டார்கள். அந்தக் குட்டி இலை எப்படி செஞ்சீங்க, அதுக்கு மட்டும் தனியா ஒரு வீடியோ போடுங்க. பாப்பா அவளிடம் கேட்டபோது, தட்டில் ஏதோ கிடந்தது என்று சொல்லி மழுப்பினாள்.

அவளை உலுக்கியது கரப்பான் இல்லை. அன்று படம் முடிந்ததும் அவள் போய்ச் சாப்பிட உட்கார்ந்தாள். அதே கையால் பிசைந்து, அதே கையால் சாப்பிட்டு, தட்டைக் கழுவி வைத்து, துடைக்கிற துணியை எடுத்தபோதுதான் நினைவு வந்தது. வந்தபோதும் வயிறு புரளவில்லை. காத்திருந்து பார்த்தாள். புரளவே இல்லை.

சின்ன வயதில் ஈரக் கால்மிதியில் பாதம் பட்டால்கூட உடம்பைச் சிலிர்த்துக்கொள்கிறவள் அவள். இன்னொருவர் எச்சில் தம்ளரைத் தூரத்திலிருந்தே கண்டுபிடிப்பாள். பெரிய மகாராணி வந்துட்டா என்று அவள் அம்மா கேலி செய்வாள். கல்யாணமாகி வந்தபோது கொண்டுவந்த பாத்திரங்களெல்லாம் இந்த வீட்டுப் பாத்திரங்களோடு கலந்துவிட்டன. துணிகள் பழசாகிவிட்டன. பேச்சுகூட இவர்கள் பேச்சாக மாறிவிட்டது. அந்தச் சிலிர்ப்பு ஒன்றுதான் மாறாமல் அவளுடையதாகவே இருந்தது. இதுவரைக்கும் நான், இதற்கு அந்தப் பக்கம் நானில்லை என்று உடம்பே போட்டுக்காட்டுகிற கோடு. அதையும் கழுவிக் காயவைத்துவிட்டார்களோ என்று நினைத்தபோதுதான் அவளுக்குப் பயம் வந்தது. அருவருப்பு திரும்பி வர வேண்டும். பறிகொடுத்த பொருளுக்கு ஏங்குவதுபோல அவள் அதற்கு ஏங்கினாள். இரண்டு நாள் கழித்து, பால் கவரின் மூலையில் விரல் பட்டபோது குமட்டிக்கொண்டு வந்தது. தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, அப்பாடா என்றிருந்தது அவளுக்கு.

அந்தச் சமயத்தில்தான் பசைக் கம்பெனியிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். பாப்பாவின் வீடியோக்கள் அவர்களுக்குப் பிடித்துவிட்டதாம். தங்கள் இணையப் பக்கத்தில் நேரலையாக ஒரு நிகழ்ச்சி நடத்த வேண்டுமாம். சரியாக அமைந்தால் இனி அவர்கள் பசைக்கு முகமே பாப்பாதான். இரண்டே வேண்டுகோள். ஒன்று, அந்தத் தங்க இலையைச் செய்து காட்ட வேண்டும். இன்னொன்று, இந்தத் தடவை முகமும் கையும் சேர்ந்து தெரிய வேண்டும்.

வீடு ஒரு நாள் முழுக்க யோசித்தது. கடைசியில் வழி கண்டுபிடித்தவன் கணவன். பாப்பா தொளதொள சட்டை போட்டுக்கொண்டு தன் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்வாள். அவள் முதுகுக்குப் பின்னால் முக்காலியில் அண்ணி உட்கார்ந்து, சட்டைக் கைக்குள் தன் கைகளை நுழைத்து முன்னால் நீட்ட வேண்டும். ஆபீஸ் விழாவில் இப்படி ஒரு விளையாட்டு விளையாடினார்களாம், வயிறு புண்ணாகச் சிரித்தார்களாம்.

நேற்று ஒத்திகை நடந்தது. அவள் கன்னம் பாப்பாவின் முதுகில் அழுந்திக் கிடந்தது. துணிக்கு அடியில் வேர்வை, அதற்கு மேல் பவுடர். பாப்பா பேசப் பேச அந்தக் குரல் எலும்பு வழியாக அவள் தாடைக்குள் இறங்கி அதிர்ந்தது, தானே பேசுவது போல. கை எங்கே போகிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. குரல் சொன்ன இடத்துக்கு அது தானாகப் போனது. கணவன் கை தட்டினான். மாமியார் பூரித்துப்போய், “பாரேன், ரெண்டு பேரும் ஒரே ஆள் மாதிரி இருக்கீங்க” என்றார்.

அப்போதுதான் அவள் முடிவு செய்தாள், சொல்லிவிடுவதென்று. சொன்னால் போதும். தங்க இலை என்னவென்று தெரிந்தால் பாப்பா அலறுவாள், மாமியார் வாயைப் பொத்திக்கொண்டு ஓடுவார், சட்டம் குப்பைக்குப் போகும். அதோடு நேரலையும் போகும், கையும் அவளிடம் திரும்பி வரும். அதிகமாக ஒன்றும் தேவையில்லை. ஒரு சாதாரண மனுஷ அருவருப்பு போதும்.

இன்று மதியம் மூன்று பேரும் கூடத்தில் இருந்தபோது சொன்னாள்.

“அந்த இலை கரப்பான் பூச்சி. அட்டைக்குள்ள கிடந்துச்சு. தெரியாம இல்ல, தெரிஞ்சேதான் ஒட்டினேன்.”

கணவன் எழுந்து போய்ச் சட்டத்துக்கு அருகில் மூக்கை வைத்துப் பார்த்தான். அட ஆமா, கால் தெரியுது என்றான், ஏதோ புதையல் கண்டவன் மாதிரி. மாமியார், அது அப்போதே செத்துத்தானே இருந்தது என்று கேட்டார். அவள் கட்டைவிரலால் தன் விரல் நுனியைத் தேய்த்துக்கொண்டாள். பாப்பா சுண்டுவிரலைக் கடித்துக்கொண்டு இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் அருவருப்பு எழும் என்று அண்ணி காத்திருந்தாள், பால் பொங்குவதற்கு அடுப்படியில் காத்து நிற்பதுபோல.

பாப்பா விரலை வாயிலிருந்து எடுத்தாள்.

“இன்னும் நாலு கிடைக்குமா அண்ணி? நல்லாக் காஞ்சதா?”

அவள் விளையாடவில்லை. கண்ணில் அந்தப் பால் கவர்ப் பூ நாளின் வெளிச்சம் இருந்தது. யாருக்கு என்ன தெரியப்போகிறது, பழுப்புச் சருகு என்று சொல்லிக்கொள்ளலாம் என்றாள். கணவன் டார்ச்சை எடுத்துக்கொண்டு குளிர்பதனப் பெட்டிக்குப் பின்னால் மண்டியிட்டான். அங்கே ஒரு குடும்பமே இருக்கும் என்று அவனுக்கு நம்பிக்கை. மாமியார் காலையில் அவள் கழுவி வைத்த தயிர்க் கப்பைக் கொண்டுபோய்க் கொடுத்தார். கொடுத்துவிட்டு மருமகள் முகத்தைப் பார்த்து, சமாதானமாக, “அருவருப்புங்கறது மனசுலதான்மா இருக்கு. தங்கக் கலர் அடிச்சுட்டா எல்லாம் இலைதான்” என்றார்.

கப்புக்குள் ஒவ்வொன்றாக விழும் சத்தம் கேட்டது. உலர்ந்த, இலேசான சத்தம். ஒன்று விழுந்த பிறகும் சுரண்டிக்கொண்டிருந்தது. “இது இன்னும் காயலை” என்றான் கணவன்.

அவள் சமையலறைக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். வயிற்றிலிருந்து தொண்டை வரைக்கும் குமட்டல் ஏறி நின்றது. இந்தத் தடவை அது கரப்பானால் வரவில்லை. கூடத்தில் அந்த மூன்று பேரும் ஒருவருக்கொருவர் எவ்வளவு அன்பாக இருந்தார்கள், அதனால் வந்தது. கப்பை ஆட்டாமல் பிடித்துக்கொண்டு, மெதுவா, கால் ஒடிஞ்சுடப் போகுது என்று சொல்லிக்கொண்டு. இந்த அன்பின் பெயரைச் சொல்லித்தான் இத்தனை நாளும் அவள் விரலை மூலைமூலையாக விட்டுத் தேய்த்திருக்கிறாள்.

கூடையில் ஆரஞ்சுப் பழங்கள் இருந்தன. ஒன்றை எடுத்து நகத்தால் கீறினாள். சாறு கொப்புளத்தில் பட்டுச் சுள்ளென்று எரிந்தது. பொறுமையாக, அவசரமில்லாமல் உரித்தாள். வெள்ளை நாரைக்கூட ஒவ்வொன்றாக எடுத்தாள். வாசனை அறையை நிரப்பியது. கை அவள் சொன்னதைச் செய்தது.

கூடத்தில் நேரலைக்கான விளக்குகள் எரிந்தன. கம்பெனிப் பெண் போனில் வந்துவிட்டாள், குரல் கேட்டது. பாப்பா தொளதொள சட்டையில் சமையலறை வாசலில் வந்து நின்றாள். சட்டைக் கைகள் இரண்டும் காலியாகத் தொங்கின.

“அண்ணி, வாங்க. அவங்க காத்திருக்காங்க.”

அவள் எழுந்திருக்கவில்லை.

கணவன் பின்னாலேயே வந்தான். குனிந்து, காதோரமாக, தாழ்ந்த குரலில் பேசினான். இப்போது போய் ஏன் இப்படி, ஒரே ஒரு தடவை, அரை மணி நேரம், அதற்கப்புறம் உன்னைக் கேட்கவே மாட்டோம். அவள் பழத்தைப் பிட்டு இரண்டாக்கினாள். அவன் குரல் இன்னும் தாழ்ந்தது.

“அவ மறுபடி சுவரைப் பாத்துப் படுத்துக்கிட்டா என்ன பண்ணுவே?”

அதுதான் அவர்களிடம் இருந்த கடைசிப் பூட்டு. எப்போதும் அது போதுமானதாக இருந்திருக்கிறது. அவள் பாப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். சட்டைக்குள் மடங்கியிருந்த கைகளில் ஒன்று பொத்தான்களுக்கு நடுவே வெளியே வந்து மேலேறி வாய்க்குப் போய்க்கொண்டிருந்தது. நுனி சிவந்து, தோல் கிழிந்து, ஓரத்தில் ஒரு பொட்டு ரத்தம் காய்ந்திருந்த விரல். அவள் அதைக் கூர்ந்து பார்த்தாள். குமட்டுமோ என்று தனக்குள் தேடினாள். குமட்டவில்லை. இந்த வீட்டில் எதுவும் பூசாமல் மிஞ்சியிருந்தது அந்த விரல் ஒன்றுதான்.

“உன் கையையே வையேன் பாப்பா” என்றாள்.

பாப்பா விரலைச் சட்டைக்குள் இழுத்துக்கொண்டாள். “என் கையைப் பாத்தா எல்லாருக்கும் அருவருப்பா இருக்கும் அண்ணி.”

“எனக்கு இல்ல.”

கூடத்திலிருந்து மாமியார் கூப்பிட்டார், நேரமாகிறது என்று. கம்பெனிப் பெண் சிரித்துக்கொண்டே ஏதோ கேட்டாள். தயிர்க் கப்பின் சுரண்டல் நின்று நின்று கேட்டது. கணவன் அவள் தோளில் கை வைத்தான். அழுத்தவில்லை, வெறுமனே வைத்தான். பாப்பா மறுபடி, கெஞ்சலாக, குழந்தை மாதிரி, “அண்ணி, கையை மட்டும்” என்றாள்.

அவள் ஒரு சுளையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். மென்று, விழுங்கி, விரல் நுனிகளை நிதானமாக மடியில் துடைத்துக்கொண்டு, இரண்டு கைகளையும் அங்கேயே, தன் மடிமேலேயே, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக்கொண்டாள்.

“இல்ல பாப்பா. தரலை.”